கப்பல் இறங்கி ஸ்டீல்பான் ஏறியது ஏன்? டிரினிடாட் பண்பாட்டைக் குழந்தைகள் செய்து கற்க ஒரு விளக்கம்

டிரினிடாட் – டொபேகோ என்ற கரீபியன் தீவு நாடு 2024 ஆகஸ்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அரசுச் சின்னத்தில் இருந்த மூன்று கப்பல்களை எடுத்துவிட்டு அங்கே எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து செய்யும் ஸ்டீல்பான் என்ற இசைக்கருவியை வைக்கப் போகிறோம் என்றது. அந்தக் கப்பல்கள் 1498-இல் தீவுக்கு வந்த கொலம்பஸைக் குறிப்பவை. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது.

'ஒரு நாட்டைப் பற்றி புராஜெக்ட் செய்து வா' என்று பள்ளியில் சொன்னதும் பிள்ளைகள் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டும் படங்களில் பெரும்பாலும் அந்தப் பழைய சின்னமே இருக்கிறது. கப்பல் படத்தை ஒரு பிள்ளை ஒட்டியிருக்கும், பக்கத்துப் பிள்ளை ஸ்டீல்பான் படத்தை ஒட்டியிருக்கும். எது சரி, ஏன் மாற்றினார்கள் என்ற கேள்வி வரும். இதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. அடிமை முறை, தடைச் சட்டம், கரும்புத் தோட்டம், எண்ணெய் வயல் என்று அந்த நாட்டின் கதை முழுவதையும் தொட்டால்தான் பதில் கிடைக்கும். அதைப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுப்பதைவிடச் செய்ய வைப்பது நல்லது. எதை, எந்த வரிசையில் செய்ய வைப்பது என்பதைப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை

1. 'வெஸ்ட் இண்டீஸ்' என்று ஒரு நாடு இல்லை. அது பல கரீபியன் நாடுகள் சேர்ந்து ஆடும் கிரிக்கெட் அணியின் பெயர். பிரையன் லாரா, டுவைன் பிராவோ, கீரன் பொல்லார்ட், சுனில் நரைன் நால்வரும் டிரினிடாட்காரர்கள். சென்னைப் பிள்ளைகளிடம் 'பிராவோவின் ஊர்' என்று தொடங்கினாலே போதும், காது கொடுப்பார்கள்.

2. நாடு இரண்டு தீவுகளால் ஆனது. பெரியது டிரினிடாட், சிறியது டொபேகோ. தலைநகரம் போர்ட் ஆஃப் ஸ்பெயின். டிரினிடாட் வெனிசுவேலாவுக்கு மிக அருகில் இருக்கிறது. மிகக் குறுகிய இடத்தில் இடையே உள்ள கடல் 11 கிலோமீட்டர்தான்.

3. ஸ்பெயினின் கையில் இருந்த டிரினிடாடை 1797-இல் பிரிட்டன் பிடித்தது. 1783-இல் ஸ்பெயின் அரசு நிலம் தருவதாக அழைத்ததால் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தங்கள் ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்து குடியேறினார்கள். ஸ்பானிய நாடாக இருந்து ஆங்கிலேயர் ஆண்ட தீவில் கார்னிவல் என்ற வேடத் திருவிழாவும் பேய்க்கதைப் பெயர்களும் பிரெஞ்சு வாடை அடிப்பதற்கு இதுவே காரணம்.

4. 1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமை முறை ஒழிந்தது. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் கட்டாய வேலை மேலும் நீண்டது. முழு விடுதலை கிடைத்தது 1838-இல். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்ததால் 1845-இலிருந்து இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள்.

5. நாடு சுதந்திரம் பெற்றது 1962 ஆகஸ்ட் 31. குடியரசானது 1976. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய வம்சாவளியினர் 35.4 சதவீதம், ஆப்பிரிக்க வம்சாவளியினர் 34.2 சதவீதம், கலப்பு வம்சாவளியினர் 22.8 சதவீதம்.

ஐந்தாவது குறிப்பின் எண்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியப் பெற்றோர் டிரினிடாடைப் பற்றிச் சொல்லும்போது தீபாவளியும் ரொட்டியும் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவதுண்டு. வெள்ளைக்காரச் சுற்றுலாக் கையேடு இறகு கட்டிய கார்னிவல் பெண்ணோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டும் பாதி நாட்டைத்தான் காட்டுகின்றன.

நல்ல செயல்பாடு எது?

கொடிக்கு வண்ணம் தீட்டு, பிளாஸ்டிக் பாட்டிலில் அரிசி போட்டு ஆட்டு, காகிதத்தட்டில் இறகு ஒட்டி முகமூடி செய் என்பவைதான் எல்லாக் கைவினைத் தாள்களிலும் இருக்கின்றன. நாட்டின் பெயரை மாற்றிவிட்டால் இவை பிரேசிலுக்கும் பொருந்தும், கியூபாவுக்கும் பொருந்தும். பிள்ளையின் கையில் ஒரு பொருள் மிஞ்சும், தலையில் எதுவும் மிஞ்சாது. ஒரு செயல்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

1. அந்த ஊர்ப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்களா, அல்லது செய்திருக்கிறார்களா?

2. இது ஏன் உண்டானது என்ற காரணம் செய்யும்போதே வெளிப்படுகிறதா?

3. செய்து முடித்த பிள்ளை அந்த மக்களை மதிப்போடு பேசுமா, அல்லது வேடிக்கையாகப் பேசுமா?

கொடியைக்கூட இந்தக் கேள்விகளுக்கு உட்படுத்தலாம். சிவப்புத் துணியின் குறுக்கே வெள்ளைக் கரையிட்ட கறுப்புப் பட்டை போகிறது. கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் தொடங்கி, எதிர்ப்பக்கக் கீழ் மூலையில் முடிகிறது. பிள்ளைகள் பெரும்பாலும் திருப்பிப் போட்டுவிடுவார்கள். சிவப்பு நெருப்பையும் மக்களின் துடிப்பையும், வெள்ளை கடலையும், கறுப்பு மண்ணையும் குறிக்கும். கொடிக்கு இவ்வளவு போதும். நேரத்தைச் செலவிட வேண்டியது வேறு இடத்தில்.

ஸ்டீல்பான்: தடை மேல் தடை தாண்டிய இசை

சின்னத்தில் கப்பலின் இடத்தைப் பிடித்த கருவி இது. இதன் வரலாறு நான்கு படிகளாக நடக்கிறது. பிள்ளைகளும் அதே படிகளில் நடக்கலாம்.

1. தோல் மேளம். அடிமைகளாக வந்த ஆப்பிரிக்கர்களிடம் மேளம் இருந்தது. விடுதலைக்குப் பின் கார்னிவலைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்களே. தீப்பந்தமும் மேளமும் சிலம்பச் சண்டையுமாக நடந்த அவர்களின் இரவு ஊர்வலத்துக்குக் கேன்புலே என்று பெயர். 1881-இல் போலீஸ் அதை அடக்கப் பார்த்தபோது போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பெரும் மோதல் வெடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த சட்டங்கள் ஊர்வலத்தையும் தெருவில் மேளம் அடிப்பதையும் முடக்கின.

2. மூங்கில். மேளம் போனதும் மக்கள் மூங்கிலை வெட்டினார்கள். இந்த இசைக்கு டாம்பூ பாம்பூ என்று பெயர். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான தடித்த மூங்கிலைத் தரையில் குத்தினால் 'பூம்' என்று அடித்தொனி வரும், அதன் பெயரும் பூம். இரண்டு குட்டை மூங்கில் துண்டுகளை நுனியோடு நுனி தட்டுவது ஃபூலே. மெல்லிய மூங்கிலைத் தோளில் சாய்த்துக் குச்சியால் அடிப்பது கட்டர்.

3. தகரம். 1930-களில் பிஸ்கட் டின், பெயின்ட் டின், குப்பைத்தொட்டி மூடி, வண்டியின் பிரேக் உருளை எல்லாம் மூங்கிலோடு சேர்ந்தன. அடிக்க அடிக்கத் தகரம் பள்ளமாகும், பள்ளத்தைச் சரிசெய்யப் பின்னாலிருந்து தட்டினால் தொனி மாறும். ஒரே தகரத்தில் பல சுரங்கள் கிடைக்கும் என்று இப்படித்தான் தெரிந்தது. இதைக் கண்டவர்களில் ஒருவராக வின்ஸ்டன் 'ஸ்ப்ரீ' சைமனைச் சொல்வார்கள்.

4. எண்ணெய்ப் பீப்பாய். டிரினிடாடில் எண்ணெய் உண்டு. லா பிரேயா என்ற ஊரில் தார் ஏரியே இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைத்தளமும் வந்தது. காலிப் பீப்பாய்களுக்குப் பஞ்சமில்லை. போர் ஆண்டுகளில் கார்னிவலுக்குத் தடை இருந்தது. 1945-இல் போர் முடிந்த செய்தி வந்ததும் தெருவுக்கு வந்த கூட்டம் தகர இசையோடு வந்தது. 1951-இல் ஓர் இசைக்குழு லண்டன் போய்ப் பிரிட்டன் விழாவில் வாசித்தது. ஸ்டீல்பான் குழுக்களுக்கான பானோரமா போட்டி 1963-இல் தொடங்கியது. 1992-இல் ஸ்டீல்பான் தேசிய இசைக்கருவியானது. ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல்பான் நாளாக ஐ.நா. பொதுச்சபை 2023-இல் அறிவித்தது.

ஒரு பான் எப்படி உருவாகிறது என்பதை வளர்ந்த பிள்ளைகளுக்கு விரிவாகச் சொல்லலாம். 55 கேலன் பீப்பாயின் அடித்தட்டைச் சம்மட்டியால் உள்நோக்கி அடித்து அடித்து அகன்ற குழியாக்குகிறார்கள். தகரம் கிழியாமல் எங்கும் சீராக மெலிய வேண்டும். அடி பிசகினால் பீப்பாய் வீண். குழிக்குள் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் இடம் குறித்து, அதன் எல்லையை உளி முனையால் நெருக்கமாகக் குத்திக் கோடாக்குகிறார்கள். பக்கச் சுவரை வேண்டிய உயரத்துக்கு வெட்டி, நெருப்பில் சூடேற்றி ஆறவிடுகிறார்கள். பிறகு சுரம் சேர்ப்பவர் சிறு சுத்தியலோடு உட்காருகிறார். ஒவ்வொரு கட்டத்தையும் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் தட்டித் தட்டிச் சரியான சுருதிக்குக் கொண்டுவருகிறார். கட்டம் பெரிதானால் தொனி தாழும், சிறிதானால் உயரும். மெல்லிசை வாசிக்கும் டெனர் பானில் பெரிய கட்டங்கள் விளிம்பிலும் சிறியவை நடுவிலும் இருக்கும். அடித்தொனிக்கு ஒருவரே ஆறு முழுப் பீப்பாய்களை நிறுத்தி வாசிப்பார், ஒவ்வொன்றிலும் மூன்று சுரம்தான்.

இனி செயல்பாடு. மூன்று அமர்வாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் அது தகரம் அடிக்கும் விளையாட்டாக முடிந்துவிடும்.

முதல் அமர்வில் பிள்ளைகளிடம் ஏதாவது ஒரு மேளம் கொடுங்கள். ஐந்து நிமிடம் ஆசைதீர அடிக்கட்டும். பிறகு சட்டம் போட்டாயிற்று என்று மேளத்தை வாங்கிவிடுங்கள். 'இப்போது வேறு எதில் வாசிப்பீர்கள்?' என்று கேளுங்கள். கை, தொடை, மேசை, ஜன்னல் கம்பி என்று அவர்களே தேடுவார்கள். அந்தத் தேடலை உடம்பால் உணர்ந்த பிள்ளைக்கு 1880-களின் டிரினிடாட் புரியத் தொடங்கும்.

இரண்டாம் அமர்வில் மூங்கில். கிடைக்காவிட்டால் வெவ்வேறு நீளத்தில் அறுத்த பிவிசி குழாய். ஒரு முனையை அடைத்து, அந்தப் பக்கம் தரையில் படும்படி குத்த வேண்டும். நீளமான குழாயில் தாழ்ந்த தொனியும் குட்டையானதில் உயர்ந்த தொனியும் வரும். பூம், ஃபூலே, கட்டர் என்று மூன்று குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு தாளம் கொடுங்கள். பூம் நிதானமாக, ஃபூலே இடைவெளியில், கட்டர் விரைவாக. தனித்தனியாகப் பழகிய பின் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் அமர்வில் தகரம். பால்பவுடர் டின், பிஸ்கட் டின், எண்ணெய் டின் எனப் பல அளவில் எடுத்து, கூரான விளிம்புகளைத் தடித்த டேப்பால் மூடுங்கள். கவிழ்த்து வைத்து, ரப்பர் பேண்ட் நுனியில் இறுகச் சுற்றிய பென்சிலால் தட்டட்டும். உண்மையான பான் குச்சியிலும் நுனியில் ரப்பர்தான் இருக்கும். முதலில் நடுவில், பிறகு ஓரத்தில். அதன்பின் பெரியவர் ஒருவர் டின்னின் உள்ளிருந்து சுத்தியலால் தட்டி ஒரு சின்ன மேடு எழுப்ப வேண்டும். மேட்டைத் தட்டினால் வேறு தொனி. பிள்ளைகள் முகம் மாறுவது இந்த இடத்தில்தான். ஆளுக்கொரு டின், ஆளுக்கொரு சுரம் என்று வரிசையாக நிற்க வைத்துத் தெரிந்த பாட்டு ஒன்றைத் தட்ட வையுங்கள். ஒருவர் தவறவிட்டாலும் பாட்டு அறுந்துபோகும். அங்கே குழுக்கள் பயிற்சி செய்யும் திறந்தவெளிக்குப் பான்யார்ட் என்று பெயர். பெரிய குழுவில் நூறு பேர் வரை வாசிப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஜூனியர் பானோரமா நடக்கிறது.

மாஸ்: வேடம் கட்டிப் பேசுவது

கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் கார்னிவல். விடியுமுன்னே சேறும் சாயமும் பூசிக்கொண்டு தொடங்கும் பகுதிக்கு ஜூவே என்று பெயர். வேடம் கட்டி ஆடுவதை 'மாஸ் ஆடுவது' என்பார்கள். குழந்தைகளுக்குத் தனி ஊர்வலமும் உண்டு.

இறகும் மணியும் தைத்த இன்றைய உடைகளை விட்டுவிட்டுப் பழைய வேடங்களுக்குப் போவதுதான் கற்பதற்கு ஏற்றது. அவற்றில் ஒவ்வொன்றும் யாரையோ கேலி செய்கிறது, எதையோ நினைவில் வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு ஏற்றவை நான்கு.

1. மோக்கோ ஜம்பி. உயரமான மரக்காலில் நடக்கும் வேடம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கை நடந்தே கடந்து வந்த தெய்வம் என்று கதை சொல்வார்கள். கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியோடு வந்தவர்களைப் பின்தொடர்ந்து ஒரு காவல் தெய்வம் கடலில் நடந்து வந்தது என்ற நினைப்பே எவ்வளவு பெரிய ஆறுதல்! இரண்டு கொட்டாங்குச்சிகளில் துளையிட்டுக் கயிறு கோத்து, கயிற்றைக் கையில் பிடித்து மேலே ஏறி நடக்க வைக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு அந்த உயரமே போதும்.

2. மிட்நைட் ராபர். அகன்ற விளிம்புத் தொப்பி, நீண்ட அங்கி, விசில். வழிமறித்து நின்று தன் பிறப்பையும் வீரத்தையும் வானளாவப் பேசுவான், காசு கொடுத்தால்தான் விடுவான். அட்டையில் தொப்பி செய்வது சுலபம், பேச்சை எழுதுவதுதான் வேலை. 'நான் பிறந்த அன்று சூரியன் பயந்து மேகத்தில் ஒளிந்தது' என்ற மாதிரி எட்டு வரி எழுதச் சொன்னால் கூச்சமுள்ள பிள்ளையும் வேடத்துக்குள் நின்று உரக்கப் பேசும்.

3. பியரோ கிரெனேட். கந்தல் உடுத்திய பண்டிதர். ஒரு நீளமான சொல்லை எடுத்து, அதைத் துண்டு துண்டாக உடைத்து, துண்டுக்கொரு கதை சொல்லி எழுத்துக்கூட்டுவார். பள்ளிக்கூட ஆங்கிலம் படிக்க வழியில்லாதவர்கள் படித்தவர்களைப் பார்த்து ஆடிய வேடம் இது. இதைத் தமிழிலேயே ஆடலாம். 'கத்தரிக்காய்' என்று கொடுத்தால், 'அம்மா கத்த, அக்கா அரிய, அடுப்பிலே கிடந்து காய... கத்தரிக்காய்!' என்று ஒரு பிள்ளை முடிக்கும். இந்தப் பட்டியலில் பைசா செலவில்லாததும், அதிக நேரம் ஓடுவதும் இதுதான்.

4. புரோக்கீட். இடுப்பில் கழுதை உருவத்தைக் கட்டிக்கொண்டு ஆடுவது. நம் பொய்க்கால் குதிரையைப் பார்த்த பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம். ஸ்பானியத் தொடர்பால் வந்த வேடம் இது. அட்டைப் பெட்டியின் நடுவில் துளையிட்டு, துணியும் தலையும் வைத்துத் தோளில் கயிறு கட்டினால் தயார்.

வேடத்தோடு பாட்டும் வேண்டும். கலிப்சோ என்பது ஊர்ச் செய்தியையும் அரசாங்கத்தையும் பாட்டில் வைத்து விமர்சிக்கும் மரபு. மைட்டி ஸ்பாரோ, லார்ட் கிச்சனர் போன்ற புனைபெயர்களில் பாடகர்கள் புகழ்பெற்றார்கள். அதில் எக்ஸ்டெம்போ என்று ஒரு வகை உண்டு, மேடையிலேயே தலைப்பு கொடுப்பார்கள், அப்போதே கட்டிப் பாட வேண்டும். எதிராளியைச் சீண்டலாம், புண்படுத்தக் கூடாது. எதுகை மோனையோடு நான்கு வரி கட்டத் தெரிந்த பிள்ளைகள் 'மதிய உணவு', 'மழை விடுமுறை' போன்ற தலைப்புகளில் இருவர் இருவராகப் போட்டி போடலாம்.

கதை: 'கிரிக்?' 'க்ராக்!'

கதை சொல்பவர் 'கிரிக்?' என்று கேட்பார். கேட்பவர்கள் 'க்ராக்!' என்று கத்துவார்கள். அதன் பிறகுதான் கதை. இடையில் கவனம் சிதறினாலும் இதே அழைப்பு.

சூக்குயான் என்ற கிழவி இரவில் தோலைக் கழற்றி வைத்துவிட்டு நெருப்புப் பந்தாகப் பறப்பாள். அவளைத் தடுக்க வாசலில் அரிசியைக் கொட்டிவைப்பார்கள். ஒவ்வொரு மணியாக எண்ணி முடிக்காமல் அவளால் நகர முடியாது, அதற்குள் விடிந்துவிடும். ஒரு கைப்பிடி அரிசியைக் கொட்டி, எத்தனை மணி இருக்கும் என்று முதலில் ஊகிக்க வைத்து, பிறகு பத்துப் பத்தாகப் பிரித்து எண்ண வைக்கலாம்.

பாப்பா ப்வா காட்டைக் காக்கும் கிழவர். தாடி முழுக்க இலை, ஒரு கால் குளம்பு. வேட்டைக்காரன் வருகிறான் என்றால் கொம்பு ஊதி விலங்குகளை எச்சரிப்பார். அவரைக் கண்டால் பணிவாக வணக்கம் சொல்ல வேண்டும், குளம்பை மட்டும் உற்றுப் பார்க்கக் கூடாது. ஒரு பிள்ளை பாப்பா ப்வா, இருவர் வேட்டைக்காரர்கள், மற்றவர்கள் விலங்குகள். கொம்பு சத்தம் கேட்டதும் விலங்குகள் அசையாமல் நிற்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் டொபேகோவின் மெயின் ரிட்ஜ் காட்டைப் பற்றிச் சொல்லுங்கள். 1776-இலேயே சட்டம் போட்டுக் காத்த காடு அது. மேற்கு அரைக்கோளத்தில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற காடுகளில் மிகப் பழையது என்று அதைச் சொல்வார்கள்.

டுவென்கள் பாதம் பின்னோக்கி இருக்கும் குட்டிப் பேய்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பிள்ளைகளைக் காட்டுக்குள் இழுத்துப் போகும் என்பதால் அந்தி நேரத்தில் பிள்ளையின் பெயரை உரக்கக் கூப்பிட மாட்டார்கள். பயந்த சுபாவமுள்ள சிறு பிள்ளைகளுக்கு இதைத் தவிர்த்துவிடலாம்.

இந்தியர் வழி வந்தவை

1845 மே 30 அன்று ஃபதல் ரசாக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு வந்து சேர்ந்தது. 1917 வரை 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். பெரும்பான்மையினர் போஜ்புரி பேசும் பகுதியினர். அதனால்தான் அங்கே சீரகம் 'கீரா', கத்தரிக்காய் 'பைகன்'. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்கள் சிறுபான்மையினர். அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடும் தப்பு மேளமும் அங்குள்ள காளி கோயில்களில் இன்றும் இருக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும், ஆனால் நாடே நம்முடையது போலச் சொல்லக் கூடாது.

தாசா என்பது மண் சட்டியில் ஆட்டுத்தோல் போர்த்திய மேளம். வாசிக்கும் முன் பறையைக் காய்ச்சுவது போலவே இதையும் நெருப்பருகே வைத்துத் தோலை இறுக்குவார்கள். குழுவில் முன்னணித் தாசாவுக்குக் கட்டர் என்றும் துணைத் தாசாவுக்கு ஃபூலே என்றும் பெயர். மேலே மூங்கில் இசையில் பார்த்த அதே பெயர்கள். ஆப்பிரிக்கரும் இந்தியரும் ஒருவர் இசையை ஒருவர் எவ்வளவு கவனித்துக் கேட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மூங்கில் அமர்வு முடித்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

தீபாவளி 1966-இலிருந்து பொது விடுமுறை. அங்கே அகல் விளக்கைத் தரையில் மட்டும் வைப்பதில்லை. மூங்கிலைப் பிளந்து, வளைத்து, வளைவும் சுழியும் கோபுரமுமாகக் கட்டி, அதன் மேல் வரிசையாக விளக்கு ஏற்றுகிறார்கள். இந்து அல்லாத அண்டைவீட்டாரும் வந்து கட்ட உதவுவதுண்டு. மெல்லிய மூங்கில் பட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து வளைத்து நூலால் கட்டி, சிறு அளவில் பிள்ளைகள் செய்யலாம். நெருப்பு வேண்டாமென்றால் பேட்டரி விளக்கு.

சாப்பாட்டில் டபுள்ஸ் என்ற தெருக்கடைச் சிற்றுண்டி ஒன்றே போதும். மைதாவில் மஞ்சள்தூள், சீரகப்பொடி, ஈஸ்ட் சேர்த்துக் கையில் ஒட்டும் அளவுக்குத் தளர்வாகப் பிசைந்து பொங்க விடுங்கள். எண்ணெய் தொட்ட விரலால் உள்ளங்கை அளவுக்குத் தட்டி, சில நொடிகள் மட்டும் பொரித்து எடுங்கள். மொறுமொறுப்பாகக் கூடாது, துவள வேண்டும். இதுதான் பாரா. இரண்டு பாராவை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படும்படி வைத்து, குழைய வெந்த கொண்டைக்கடலைக் குழம்பை ஊற்றி, புளிச் சட்னியும் வெள்ளரித் துருவலும் போட்டுக் காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பார்கள். காரம் எவ்வளவு என்று கடைக்காரர் கேட்பார், 'ஸ்லைட்' என்றால் கொஞ்சம். பெரியவர் பொரிக்கட்டும், மாவு தட்டுவதும் கடை வைப்பதும் பிள்ளைகள் வேலை. சாப்பிடுகிறவர்களில் எல்லா வம்சாவளியினரும் உண்டு என்பதைக் கடைவிளையாட்டிலேயே காட்டிவிடலாம்.

டொபேகோவுக்கும் ஒரு நாள்

புராஜெக்ட்களில் டொபேகோ பெயரளவில்தான் வரும். ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாயன்று பக்கூ கிராமத்தில் ஆட்டுப் பந்தயம் நடக்கிறது, 1925-இல் தொடங்கியது. ஜாக்கி ஆட்டின் மேல் ஏறுவதில்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதோடு ஓடுகிறார். நண்டுப் பந்தயமும் உண்டு. அட்டையில் நண்டு வெட்டி நூலில் கோத்து இழுத்தால் வீட்டுக்கூடத்திலேயே பந்தயம் விடலாம்.

இயற்கைக்கு இரண்டு போதும். டிரினிடாடின் வடகடற்கரையில் கிராண்ட் ரிவியேர் என்ற இடத்தில் தோணியாமைகள் முட்டையிட வருகின்றன. ஆறடி நீள ஆமையைச் சாக்பீஸால் தரையில் வரைந்து, எத்தனை பிள்ளைகள் அதனுள் படுக்க முடியும் என்று பார்க்கலாம். கரோனி சதுப்புநிலத்தின் செவ்வரிவாள்மூக்கன் பிறக்கும்போது சிவப்பாக இருப்பதில்லை. தின்னும் இறால், நண்டுகளில் உள்ள நிறமியால்தான் வளர வளர இறகு சிவக்கிறது. பழுப்பு, இளஞ்சிவப்பு, கடுஞ்சிவப்பு என்று மூன்று படம் வரைய வைத்தால் போதும்.

தவிர்க்க வேண்டியவை

1. முகத்தில் கறுப்புச் சாயம் பூசுவது, சடைமுடி விக் வைப்பது. கரும்புப்பாகைப் பூசிக்கொள்ளும் ஜாப் மொலாஸி போன்ற வேடங்கள் அடிமைத்தனத்தை எதிர்த்து அந்த மக்களே உண்டாக்கியவை. அந்தப் பின்னணி இல்லாத பள்ளி மேடையில் அதே சாயம் நிறத்தைக் கேலி செய்வதாகிவிடும்.

2. வழிபாட்டைக் கைவினைப் பொருளாக்குவது. முகரத்தை ஒட்டிய ஹோசே ஊர்வலத்துக்காகச் செயின்ட் ஜேம்ஸில் மூங்கிலும் காகிதமுமாகக் கட்டும் தாஜா என்ற கல்லறை மாதிரிகள் பார்க்க அழகானவை. ஆனால் அவை துக்கத்தின் அடையாளம். 1884-இல் அந்த ஊர்வலத்தின் மீது சான் ஃபெர்னாண்டோவில் துப்பாக்கிச்சூடு நடந்து பலர் இறந்தார்கள். படத்தைக் காட்டி விளக்கலாம், செய்து விளையாடத் தர வேண்டாம்.

3. அடிமை முறையைப் பிள்ளைகளை வைத்து நடித்துக் காட்டுவது. மேளத்தைப் பறிக்கும் முதல் அமர்வு போதும். சங்கிலி, ஏலம் போன்ற காட்சிகள் எந்த வயதுப் பிள்ளைக்கும் தேவையில்லை.

4. தீவின் பூர்வகுடிகளை விட்டுவிடுவது. அரிமா நகரில் அவர்களின் வழிவந்த சமூகம் இன்றும் வாழ்கிறது. அரிமா, துனாபுனா, சகுவானாஸ் எல்லாம் அவர்கள் வழி வந்த ஊர்ப்பெயர்கள். வரைபடம் வரையும்போது இந்தப் பெயர்களை வேறு நிறத்தில் எழுதச் சொல்லலாம், ஸ்பானிய, பிரெஞ்சு, ஆங்கிலப் பெயர்களுக்கும் தனித்தனி நிறம் கொடுக்கலாம்.

5. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்து முடிப்பது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் கொட்டாங்குச்சி நடையும் 'கிரிக் – க்ராக்' கதையும் நிறைவானவை. எட்டு வயதிலிருந்து ஸ்டீல்பானின் மூன்று அமர்வுகள். பத்து வயதுக்கு மேல் மிட்நைட் ராபர் பேச்சும் எக்ஸ்டெம்போவும். நேரமே இல்லை என்றால் மற்ற அனைத்தையும் விட்டுவிட்டு ஸ்டீல்பானை மட்டும் எடுங்கள், கண்காட்சியில் டின்னுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் 'இது எப்படிச் செய்தேன்' என்பதோடு 'இது ஏன் உண்டானது' என்பதையும் பிள்ளையே தன் சொந்த வரியில் எழுதட்டும்.